தபால் வண்டியும் தாள் கணக்கும்

(செகந்திராபாத்தில் தமிழ் பேசும் புதிய வாசகர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் ஒரு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். சிவப்பு நிற வண்டி. நம் ஐதராபாத், செகந்திராபாத் தெருக்களில் தினமும் ஓடுகிற வண்டி. அதுதான் தபால் வண்டி.

பஸ் வந்தால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறோம். தண்ணீர் லாரி வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். தபால் வண்டியை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது? ஒருவருக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம். ஒருவருக்கு வங்கி அட்டை. ஒரு பிள்ளையின் சான்றிதழ். ஒரு நோட்டீசு. ஒரு தாய் மகனுக்கு அனுப்பிய மருந்து. ஒரு தங்கை அண்ணனுக்கு அனுப்பிய ராக்கிக் கயிறு.

இதில் ஒன்று காணாமல் போனால் என்ன ஆகும்? ஒரு வேலை போகும். ஒரு வழக்கின் தேதி தவறும். ஒரு மனம் நோகும்.

பல கைகள் மாறித்தான் ஒரு கடிதம் ஊர் போய்ச் சேருகிறது. அத்தனை கைகள் மாறியும் அது காணாமல் போகாமல் காப்பது எது? பூட்டா? காவலா? அவையும் உண்டு. ஆனால் அவற்றைவிடப் பெரிய காவல் ஒன்று இருக்கிறது. அதுதான் எழுத்து. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணுகிறார்கள். எழுதுகிறார்கள். கையெழுத்து வாங்குகிறார்கள். வண்டி டீசலில் ஓடுகிறது. ஆனால் தபால் எழுத்தில் ஓடுகிறது. இதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

ஓட்டக்காரர் காலம்

முதலில் கொஞ்சம் பழைய கதை.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்னால் தபாலைச் சுமந்தவர்கள் மனிதர்கள்தான். தோளில் பை. கையில் ஈட்டி. ஈட்டியில் சலங்கை. சலங்கைச் சத்தம் கேட்டால் "தபால் வருகிறது" என்று வழி விடுவார்கள். காட்டு விலங்குகளையும் அந்தச் சத்தம் விரட்டும். ஓட்டக்காரர் ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடுவார். அடுத்த ஓட்டக்காரரிடம் பையைக் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார். இப்படியே பை ஊர் போய்ச் சேரும். மழையிலும் ஓட வேண்டும். இருட்டிலும் ஓட வேண்டும்.

பிறகு மாட்டு வண்டி வந்தது. குதிரை வண்டி வந்தது. ரயில் வந்தது. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, அலகாபாத்திலிருந்து நைனி என்ற ஊருக்கு விமானத்தில் தபால் போனது. தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். சுமந்தது ஏறத்தாழ 6,500 கடிதங்கள்.

அந்தக் காலத்தில் கடிதம் அனுப்ப எவ்வளவு செலவு? முதலில் தூரத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். தூரம் கூடக் கூடக் காசு கூடும். ஏழைகளால் தூர ஊருக்கு எழுத முடியாது. 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் இது மாறியது. நாடு முழுவதற்கும் ஒரே தபால்தலை வந்தது. கால் தோலா எடைக்கு அரை அணா. பக்கத்து ஊர் என்றாலும் அரை அணா. ஆயிரம் மைல் என்றாலும் அரை அணா. அன்று முதல் எடைதான் கணக்கு.

நம் ஐதராபாத்துக்குத் தனிக் கதை உண்டு. இங்கே நிஜாம் மன்னர் ஆட்சி நடந்தது. நிஜாம் அரசுக்குத் தனித் தபால் இருந்தது. 1869-ஆம் ஆண்டு முதல் தனித் தபால்தலைகளும் வந்தன. அவை நிஜாம் ராஜ்ஜியத்துக்குள் மட்டுமே செல்லும். சென்னைக்கோ மதுரைக்கோ எழுத வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியாவின் தபால்தலை வேண்டும். பல தலைமுறைக்கு முன்பே பட்டாளத்தோடும் ரயிலோடும் செகந்திராபாத்துக்கு வந்து குடியேறியவர்கள் நம் தமிழர்களில் பலர். அவர்கள் ஊருக்குக் கடிதம் போட இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டு நிஜாம் தபால் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் ஒரே தபால்தலை.

இன்று இந்தியாவில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் இருக்கின்றன. பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில் உள்ளன.

ஒரு கவரின் பயணம்

இப்போது ஒரு கவரோடு நாமும் பயணம் போவோம்.

செகந்திராபாத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தம்பி மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். நிலப் பத்திரத்தின் நகல் தம்பிக்கு வேண்டும். அம்மா அதை விரைவுத் தபாலில் அனுப்புகிறார். ஸ்பீடு போஸ்ட் என்று சொல்கிறோமே, அதுதான். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கிய சேவை அது.

முதல் கை மாற்றம். கவர் அம்மாவின் கையிலிருந்து தபால் ஊழியரின் கைக்குப் போகிறது. ஊழியர் எடை பார்க்கிறார். கவரில் ஒரு சீட்டு ஒட்டுகிறார். சீட்டில் கோடு கோடாக இருக்கும். அதன் கீழே ஓர் எண் இருக்கும். அம்மாவுக்கு ரசீது கொடுக்கிறார். ரசீதிலும் அதே எண் உண்டு.

இரண்டாவது கை மாற்றம். தபால் நிலையத்தில் சேர்ந்த கவர்களைப் பையில் போட்டுக் கட்டுகிறார்கள். பைக்குள் ஒரு பட்டியல். பையின் கழுத்தில் ஒரு சீட்டு. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அதில் இருக்கும். கட்டிய இடத்தில் முத்திரை. அந்தக் காலத்தில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். முத்திரை உடைந்திருந்தால், யாரோ பையைத் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது கை மாற்றம். தபால் வண்டி வருகிறது. எத்தனை பைகள் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். வண்டியில் வந்தவர் எண்ணி வாங்குகிறார். பட்டியலில் கையெழுத்து போடுகிறார். பத்துப் பை என்று பட்டியல் சொன்னால் பத்துப் பை இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருக்கிறது என்றால் அங்கேயே கேட்க வேண்டும். வாங்கிக் கையெழுத்து போட்ட பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

வண்டி பைகளைத் தபால் பிரிக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஊர் ஊராகப் பிரிக்கிறார்கள். பிறகு ரயில் நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோ மறுபடியும் வண்டி. மறுபடியும் எண்ணிக்கை. மறுபடியும் கையெழுத்து. தமிழ்நாட்டில் இறங்கியதும் மதுரை. மதுரையில் மறுபடியும் பிரிப்பு. அங்கிருந்து உசிலம்பட்டிக்கு வண்டி. உசிலம்பட்டியிலிருந்து கிராமத்துக் கிளைத் தபால் நிலையம். அங்கிருந்து ஊழியர் சைக்கிளிலோ வண்டியிலோ போகிறார். தம்பியின் கையில் கவரைக் கொடுக்கிறார். தம்பியிடம் கையெழுத்து வாங்குகிறார்.

பார்த்தீர்களா? முதலில் அம்மாவுக்கு ரசீது. முடிவில் தம்பியின் கையெழுத்து. நடுவில் எத்தனையோ பட்டியல்கள். இது ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கவர் எங்கே என்று சொல்ல முடியாது.

இப்போது இந்த வேலையில் பெரும் பகுதியைக் கருவி செய்கிறது. கோடு போட்ட சீட்டின் மேல் ஒரு விளக்கைக் காட்டினால் போதும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்தது என்று கணினியில் ஏறிவிடும். கருவி புதிது. முறை பழையதுதான். எண்ணு, எழுது, பொறுப்பை வாங்கு.

வண்டிக்குப் பின்னால் இருப்பவர்கள்

பெரிய நகரங்களில் தபால் துறைக்கு என்று தனி வண்டிப் பிரிவு இருக்கிறது. மெயில் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். ஐதராபாத்திலும் இருக்கிறது. சென்னையில் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது.

அங்கே ஓட்டுநர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? இல்லை. மெக்கானிக் இருக்கிறார். எலக்ட்ரீசியன் இருக்கிறார். டயர் வேலை பார்ப்பவர், வெல்டிங் செய்பவர், தச்சர், கொல்லர், பெயிண்டர், சீட் தைப்பவர் என்று பல கைத்தொழில்காரர்களுக்கு அங்கே வேலை உண்டு.

தபால் வண்டிக்கு மற்ற வண்டிகளைவிட நேரம் முக்கியம். ஏன்? ரயில் தபாலுக்காகக் காத்திருக்காது. விமானமும் காத்திருக்காது. வண்டி கொஞ்சம் தாமதமானால் பைகள் அடுத்த ரயில் வரை கிடக்கும். அதாவது, ஓர் இடத்தில் ஏற்பட்ட சிறு தாமதம் கடிதம் வாங்குபவருக்கு ஒரு நாள் தாமதம் ஆகிவிடும்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்பு விமான நிலையம் பேகம்பேட்டையில் இருந்தது. ஊருக்கு நடுவில். 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விமான நிலையம் ஷம்ஷாபாத்துக்குப் போனது. ஆபிட்ஸில் இருக்கும் பெரிய தபால் நிலையத்திலிருந்து அது 20 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். செகந்திராபாத்திலிருந்து இன்னும் அதிகம். இப்படி ஓர் இடம் மாறினால் என்னவெல்லாம் மாற வேண்டும், யோசித்துப் பாருங்கள். வண்டி முன்னதாகக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னதாகப் பையைக் கட்ட வேண்டும். அதற்கும் முன்னதாகக் கவர்களை வாங்கி முடிக்க வேண்டும். டீசல் செலவு கூடும். ஓட்டுநரின் வேலை நேரத்தையும் மாற்றி அமைக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் கணக்குப் போடுவது? அதுதான் நிர்வாகத்தின் வேலை. எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்கு என்று அட்டவணை எழுத வேண்டும். யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று எழுத வேண்டும். டயர் எத்தனை, பேட்டரி எத்தனை என்று இருப்புக் கணக்கு வைக்க வேண்டும். சம்பளப் பட்டியல் போட வேண்டும். ஓடி ஓய்ந்த பழைய வண்டியைக் கழிப்பதற்கும் தாள் எழுத வேண்டும். வண்டி ஓடுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. தாள் எழுதுவது தெரிவதில்லை. தாள் நின்றால் வண்டியும் நிற்கும்.

லாக் புத்தகம் சொல்லும் கதை

அரசு வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. லாக் புத்தகம் என்பார்கள். வண்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், போன இடம், மீட்டர் காட்டும் எண், போட்ட டீசல் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். இது கற்பனைக் கணக்குதான். ஒரு வண்டி காலையில் கிளம்பும்போது மீட்டர் 48,215 என்று காட்டியது. மாலையில் 48,287 என்று காட்டியது. வண்டி ஓடிய தூரம் எவ்வளவு? 48,287-இல் 48,215-ஐக் கழித்தால் 72. அதாவது 72 கிலோமீட்டர். செலவான டீசல் 8 லிட்டர். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. ஒரு லிட்டருக்கு 9 கிலோமீட்டர்.

அதே வண்டி, அதே வழி. அடுத்த மாதம் 72 கிலோமீட்டர் ஓட 12 லிட்டர் செலவாகிறது. இப்போது லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்கு 4 லிட்டர் கூடுதல். 25 நாளில் 100 லிட்டர். ஒரு வண்டிக்கே இவ்வளவு!

என்ன காரணம்? டயரில் காற்று குறைவாக இருக்கலாம். வடிகட்டி அடைத்திருக்கலாம். எங்கேயோ ஒழுகலாம். சாலையில் நெரிசல் கூடியிருக்கலாம். யாராவது டீசலைத் திருடியும் இருக்கலாம். புத்தகம் யார் மேலும் குற்றம் சொல்வதில்லை. "இங்கே பாருங்கள்" என்று மட்டும் சொல்கிறது. பார்த்துச் சரி செய்ய வேண்டியது மனிதர்கள்.

இந்தப் புத்தகம் ஓட்டுநருக்கும் பாதுகாப்பு. "பிரேக் சரியில்லை" என்று அவர் எழுதி வைத்தால் அது சாட்சி. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது நிற்கும்.

இந்தக் கணக்கைப் போட நமக்கு என்ன தெரிய வேண்டும்? கழித்தல் தெரிய வேண்டும். வகுத்தல் தெரிய வேண்டும். இரண்டையும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆட்டோ ஓட்டுகிற தம்பிகளே! உங்கள் வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வண்டி நோயாளி ஆகும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆறு எண்களின் வேலை

இனி நம் பங்குக்கு வருவோம். சங்கிலியின் முதல் கண்ணி தபால் ஊழியர் அல்ல. நாம்தான். முகவரி எழுதுவது நாம்தானே!

முகவரி தவறினால் சிவப்பு வண்டி என்ன செய்யும்? தவறான ஊருக்குத்தான் போகும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ஐதராபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானில் சிந்து மாகாணத்திலும் ஓர் ஐதராபாத் இருக்கிறது. 1947-க்கு முன்னால் இரண்டும் ஒரே இந்தியாவில் இருந்தன. வேறுபாடு தெரிய நம் ஊரை "ஐதராபாத் டெக்கான்" என்று சொன்னார்கள். நாம்பள்ளி ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டில் மொழிகளும் பல. எழுத்துகளும் பல. தமிழில் எழுதிய முகவரியைத் தெலுங்கு ஊழியர் எப்படிப் படிப்பார்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி பின்கோடு வந்தது. அதைத் திட்டமிட்டவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் அதிகாரி. அவர் சமஸ்கிருதக் கவிஞரும் கூட.

பின்கோடு என்பது ஆறு எண்கள். உசிலம்பட்டியின் பின்கோடு 625532. முதல் எண் 6. தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் பகுதி அது. முதல் மூன்று எண்கள் 625. அது மதுரைப் பகுதி. கடைசி மூன்று எண்கள் 532. அது உசிலம்பட்டித் தபால் நிலையம்.

நம் செகந்திராபாத் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 500003. முதல் எண் 5. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் இருக்கும் பகுதி. 500 என்றால் ஐதராபாத் பகுதி. ஐதராபாத் பெரிய தபால் நிலையத்துக்கு 500001. சார்மினாருக்கு 500002.

எண் எல்லா மொழிக்காரருக்கும் ஒன்றுதான். தமிழ் தெரியாதவரும் 625532 என்று படித்துவிடுவார். கவர் சரியான பைக்குள் விழுந்துவிடும். ஆகவே பின்கோடு இல்லாமல் கவரைக் கொடுக்காதீர்கள். எண்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தெளிவாக எழுதுங்கள். 1-உம் 7-உம் ஒன்றுபோல் தெரியக்கூடாது. வாங்குபவர் முகவரி எழுதியது போதாது. அனுப்புபவர் முகவரியும் எழுதுங்கள். அங்கே ஆள் இல்லை என்றால் கவர் உங்களிடமே திரும்பி வர அதுதான் வழி.

ரசீது உங்கள் உரிமை

முன்பெல்லாம் பெரிய தபால் நிலைய வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுப்பார். வந்த கடிதத்தைப் படித்தும் சொல்வார். அது ஒரு நல்ல உதவிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் புகுந்த வீட்டில் படும் துன்பத்தைத் தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அதை முதலில் ஓர் அந்நிய மனிதரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் நாலு பேர் நின்று கேட்பார்கள். எத்தனை பெண்கள் சொல்ல வந்ததைச் சொல்லாமல், "இங்கே எல்லோரும் நலம்" என்று மட்டும் எழுதச் சொல்லியிருப்பார்கள்! எழுத்து தெரிந்தால் நம் ரகசியம் நம்மிடம் இருக்கும். எழுதப் படிக்கக் கற்றதில் கிடைத்த பெரிய விடுதலை இது.

அடுத்த விடுதலை ரசீது.

முக்கியமான எதையும் சாதாரணத் தபாலில் அனுப்பாதீர்கள். அதற்கு ரசீது கிடையாது. முன்பு பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று இருந்தது. 2025-ஆம் ஆண்டு அதை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது விரைவுத் தபாலிலேயே "பதிவு" வேண்டும் என்று கேட்டுச் சிறு கூடுதல் கட்டணம் கட்டலாம். கட்டினால் முகவரியில் பெயர் உள்ளவரிடமே கொடுக்கச் சொல்லலாம். ரகசிய எண் சொன்னால்தான் கவரைக் கொடுக்கும் வசதியும் அதே ஆண்டு வந்தது.

ரசீதை வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். தேதி சரியா? போகும் ஊரின் பின்கோடு சரியா? கட்டணம் நீங்கள் கொடுத்த காசுதானா? அதில் 13 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாள எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து. பிறகு ஒன்பது எண். கடைசியில் "ஐ", "என்" என்ற இரண்டு ஆங்கில எழுத்து. இந்த எண்ணை வைத்துக் கவர் எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். தபால் நிலையத்திலும் கேட்கலாம். 1800 266 6868 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தும் கேட்கலாம்.

கவர் போய்ச் சேரவில்லையா? சண்டை போட வேண்டாம். அழவும் வேண்டாம். ஒரு தாள் எடுங்கள். இன்ன தேதி, இன்ன தபால் நிலையம், இன்ன எண், இன்னாருக்கு அனுப்பியது, இன்னும் சேரவில்லை என்று எழுதுங்கள். ரசீதின் நகலை இணையுங்கள். ரசீதை மட்டும் கையை விட்டு விடாதீர்கள். நாள் கடத்தாமல் கொடுங்கள். கொடுத்த புகாருக்கும் அத்தாட்சி வாங்குங்கள்.

அதற்கும் பதில் இல்லையா? 2005-ஆம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணம் கட்டி விண்ணப்பம் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "என் புகாரின் மீது என்ன நடவடிக்கை?" என்று கேட்க ஒரு சாதாரணக் குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உரிமை உண்டு. தபால் நிலையத்துக்குள் ஒவ்வொரு கை மாற்றத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று முன்பே பார்த்தோம். ஆகவே தேடினால் கண்டுபிடிக்கலாம். தேட வைப்பது உங்கள் ரசீது.

இன்னொன்று. கவருக்குள் ரூபாய் நோட்டு வைக்காதீர்கள். பணத்துக்கு வேறு வழிகள் உண்டு. விலை உயர்ந்த பொருளை அனுப்பினால் காப்பீடு செய்யுங்கள். காப்பீடு செய்யாத பொருள் தொலைந்தால் கிடைக்கும் தொகை மிகக் குறைவு.

படித்தால் ஏறும் படி

கடைசியாக, இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை.

"வண்டி ஓட்டப் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். முன்பு லாரி, வேன் போன்ற வண்டிகள் ஓட்ட உரிமம் வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு அந்த நிபந்தனையை மத்திய அரசு நீக்கியது. பள்ளிக்குப் போகாத பல ஓட்டுநர்களுக்கு அது நிம்மதி தந்தது.

ஆனால் உரிமம் வேறு. அரசு வேலை வேறு. தபால் துறையில் ஓட்டுநர் வேலைக்கான விளம்பரங்களில் என்ன கேட்கிறார்கள்? பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இலகு வண்டி, கனரக வண்டி இரண்டுக்கும் உரிமம் வேண்டும். மூன்று ஆண்டு ஓட்டிய அனுபவம் வேண்டும். இயந்திரம் பற்றிய அறிவும் வேண்டும். மெக்கானிக், வெல்டர் போன்ற கைத்தொழில் வேலைகளுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டும். அது இல்லை என்றால் எட்டாம் வகுப்பு தேறி ஓராண்டு வேலை அனுபவம் இருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு.

நம்மிடையே நல்ல மெக்கானிக் தம்பிகள் இருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டே இன்ஜின் கோளாறைச் சொல்லிவிடுவார்கள். கையில் தொழில் இருக்கிறது. தாள் மட்டும்தான் இல்லை. அவர்களுக்குச் சொல்கிறேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். எட்டாம் வகுப்புக்குச் சமமான தேர்வும் எழுதலாம், பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம். இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். இது முதல் படி. முதல் படியில் நின்றுவிட வேண்டாம்.

அன்பானவர்களே! இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இந்த வாரம் ஆளுக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஊரில் இருக்கும் ஓர் உறவுக்கு உங்கள் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. பின்கோடு மட்டும் நேராக இருக்கட்டும். மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும்.



செய்து பார்ப்போம்

1. உங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடுடன் எழுதுங்கள்.

2. உங்கள் சொந்த ஊரின் பின்கோடு என்ன? தெரியாவிட்டால் தபால் நிலையத்தில் கேட்டு எழுதுங்கள்.

3. ஒரு வண்டியின் மீட்டர் காலையில் 31,140 என்று காட்டியது. மாலையில் 31,230 என்று காட்டியது. டீசல் 9 லிட்டர் செலவானது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

4. நீங்கள் அனுப்பிய விரைவுத் தபால் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால் அதிகாரிக்கு ஐந்து வரியில் ஒரு புகார் எழுதுங்கள்.

5. உங்கள் வேலையில் எந்தெந்த இடத்தில் பொருளோ பணமோ கை மாறுகிறது? அங்கே எழுதி வைக்கிறீர்களா? கூட்டத்தில் பேசுங்கள்.